காப்புக்கு முந்தி வந்தவன்

காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஊருக்கு வந்துவிடாதே என்று அப்பா இரண்டு முறை போன் செய்து சொல்லியிருந்தார். அதனால்தான் மாயக்கண்ணன் வந்தான்.

மாங்கண்மாய்ப்பட்டி அம்மனுக்கு ஆவணியில் திருவிழா. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில் பூசாரி காப்புக் கட்டுவார். அந்த நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் யார் நிற்கிறார்களோ அத்தனை பேரும் அகப்பட்டுக்கொள்வார்கள். பகலில் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். ராத்திரி மட்டும் ஊருக்குள் வந்துதான் படுக்க வேண்டும். அடுத்த செவ்வாய் திருவிழா முடிந்து, புதன்கிழமை காலையில் காப்பை அவிழ்க்கும் வரை இதில் யாருக்கும் விலக்கு கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களும் சென்னையில் டீக்கடை வைத்திருப்பவர்களும் காப்பு அன்றைக்கு ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். திருவிழாவுக்கு முதல் நாள் வந்து இறங்கி, சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். விவரம் தெரியாமல் முன்கூட்டி வந்து மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைமார்களைப் பற்றி ஊரில் வருஷக்கணக்காகச் சிரிப்பு ஓடும்.

மாயக்கண்ணன் விவரம் தெரிந்தே வந்தான். காரைக்குடியில் பல்கலைக்கழகத்தில் அவன் பி.எஸ்ஸி. இயற்பியல் முதல் வருஷம். வியாழக்கிழமை மத்தியானம் அவன் வகுப்பு முன்னால் நின்று இங்கிலீஷில் செமினார் பேச வேண்டும். செவ்வாய்க்கிழமை ஊருக்குள் போய் நின்றுவிட்டால் காப்பு வந்து காலைக் கட்டிவிடும். விடுதிக்குத் திரும்ப முடியாது. தினம் இரண்டு பஸ் மாறிக் காரைக்குடிக்குப் போய்வா என்று யார் சொல்லப் போகிறார்கள்? எட்டு நாள் கழித்துப் போனால் செமினார் முடிந்திருக்கும். அதற்குமேல் போகாமலே இருந்துவிட்டால்கூட யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள் என்று ஒரு நப்பாசையும் அடியில் கிடந்தது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டு வந்தான். கணக்கில் மட்டும் அவன் எப்போதும் கெட்டிக்காரன்.

செமினார் ஒன்றுதான் பயம் என்றால் பரவாயில்லை. அவனுக்கு அங்கே எல்லாமே பயம். முதல் வாரம் வருகைப்பதிவு எடுக்கும்போது அவன் வாய் அசைந்தது, சத்தம் தொண்டையோடு நின்றுவிட்டது. இரண்டாவது பெஞ்சில் முழு ஆளாக உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் வாங்கிய மாணவன் அந்தத் துறையில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். போய்ச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம்தான். அதற்கும் பேச வேண்டுமே! விடுதி மெஸ்ஸில் முதல் நாள் எங்கே தட்டைக் கழுவுவது என்று தெரியாமல் குடிதண்ணீர்க் குழாயில் கழுவப் போனான். பின்னால் நின்ற சீனியர் ஒருவன் சிரித்துக்கொண்டே, "தம்பி, அது குடிக்கிற தண்ணி" என்றான். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு பல நாள் மாயக்கண்ணன் பன்னும் வாழைப்பழமுமாகக் காலந்தள்ளினான். கூட்டமாக நாலு பேர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தான். ராத்திரி படுத்தால் மறுநாள் யார் என்ன கேட்பார்கள் என்று கேள்விகளைத் தானே தயாரித்து, பதில் தெரியாமல் தானே விழித்துக்கொண்டு கிடந்தான்.

அறையில் அவனோடு இருந்தவன் கார்த்திகேய சிவம். பூர்வீகம் நேமத்தான்பட்டி, வளர்ந்ததெல்லாம் சென்னை. அங்கே அவன் அப்பாவுக்கு இரும்பு வியாபாரம். போனில் யாரோடு பேசினாலும் இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடாக வரும். செமினாருக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். மாயக்கண்ணனுக்கு அவன்தான் ஜோடி. தலைப்பு, 'லிஃப்டுக்குள் நிற்பவரின் எடை'. மாயக்கண்ணன் லிஃப்டில் ஏறியது மதுரை ஆஸ்பத்திரியில் பெரியப்பாவைப் பார்க்கப் போனபோது மட்டும்தான். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் பையோடு வந்து இறங்கியபோது அம்மா மலையம்மாள் வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவே இல்லை. கையிலிருந்த வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு, "வந்துட்டியா!" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குள் அவள் முகத்துக்கு ரத்தம் ஏறி இறங்கிவிட்டது.

"லீவு விட்டுட்டாக" என்று மாயக்கண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"விட்டா நல்லதுதான். உள்ள வா, மூஞ்சியப் பாரு, வத்திப் போயி."

அப்பா குருநாதன் வயலிலிருந்து வந்து, கொடியில் மகனின் சட்டை காய்வதைப் பார்த்து நின்றார். மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"ஏன்டா, நான் போன்ல என்ன சொன்னேன்?"

"லீவுப்பா."

"லீவுன்னா காப்புக் கட்டுனப்பறம் வரவேண்டியதுதானே? இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிரு."

"வந்த புள்ளைய வெரட்டுறீகளே, இது என்ன ஞாயம்?" என்று மலையம்மாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அவன் இன்னும் சாப்பிட்டுக்கூட முடிக்கல."

மாயக்கண்ணன் சாப்பிட்டான். அவன் அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஐந்து மணி பஸ் ஹாரன் அடித்துப் போனபோது தட்டில் இன்னும் ஒரு கவளம் மிச்சம் வைத்திருந்தான்.

பொழுது சாய்ந்தது. கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கிளம்பியது. பிறகு மைக்கில் முத்துக்கருப்பன் பூசாரியின் குரல் வந்தது. "காப்புக் கட்டியாச்சு. ஊர்க்காரங்க யாரும் ராத்திரி வெளியூர்ல தங்கக்கூடாது. வீட்டுல தாளிக்கக்கூடாது, கவிச்சி ஆகாது. எல்லாரும் சுத்தபத்தமா இருந்துக்கங்க." பக்கத்து வீட்டுக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாயக்கண்ணனுக்கு வயிற்றிலிருந்து பெரிய கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தச் சுகம் ஒரு நாழிகைகூட நிற்கவில்லை. தோரணத்துக்குக் கீழே நின்று கும்பிடக் கையைத் தூக்கியபோதுதான், அம்மனையே லீவு லெட்டராக ஆக்கிவிட்டோம் என்பது உறைத்தது. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கை பாதியிலேயே நின்றது. இதுவரை மனுஷருக்கு மட்டும் பயந்துகொண்டிருந்தவன், அன்றைக்கு ராத்திரி சாமிக்கும் சேர்த்துப் பயந்தான்.

மறுநாள் காலையில் அவன் குட்டு உடைந்தது. அவன் கண்மாயில் குளித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் அவன் போன் அடித்திருக்கிறது. அப்பா எடுத்துவிட்டார். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தவனிடம் போனை நீட்டினார்.

"உங்கூட இருக்கானாமே, கார்த்திகேயனோ என்னமோ. அவன் பேசுனான். நாளைக்கு ஏதோ பேசணுமாமே ரெண்டு பேரும்?"

மாயக்கண்ணன் திருதிருவென்று விழித்தான்.

"நீ வரலைன்னா அவன் செத்தானாம். அப்படித்தான் சொன்னான். லீவு விட்டுருக்காகன்னு சொன்னியேடா?"

"அவன் சும்மா சொல்றான்ப்பா. அவனுக்கு இங்கிலீஷு நல்லா வரும். நான் இல்லாட்டியும் பேசிருவான்."

"அதக் கேக்கல நான். லீவா, லீவு இல்லையா?"

மாயக்கண்ணன் ஈரத்துண்டின் நுனியைப் பிழிந்தான். மலையம்மாள் ரசச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு இடையில் வந்து நின்றாள். தாளிக்காத ரசம், பச்சை வாடையோடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"காப்புக் கட்டியாச்சுல்ல, இனி எப்படிப் போவான்? தெரியாம வந்துட்டான். எட்டு நா இருந்துட்டுத்தான் போகட்டுமே. சாமிக்குப் பயந்துதானே இருக்கான்."

"சாமிக்குப் பயந்தா இருக்கான்?" என்றார் குருநாதன். மகனைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் மாயக்கண்ணன் தாங்கியிருப்பான். அவர் பாவமாகப் பார்த்தார். அது அவனுக்குச் சுருக்கென்றது. "ராத்திரிக்குத்தான் காப்பு. பகலுக்கு என்ன வந்துச்சு? காலையில முத பஸ்ஸுல போ. பேச வேண்டியதப் பேசு. சாயங்காலம் திருப்பத்தூர்ல இருந்து ஆறரை மணி வண்டியில வந்துரு. அத விட்டா இங்குட்டு வண்டி கெடையாது, பாத்துக்க."

"விட்டுட்டான்னா?" என்று மலையம்மாள் பதறினாள். "காப்புக்குள்ள வெளிய தங்கிட்டா என்ன ஆகும்னு தெரியாதா உங்களுக்கு? போன தடவ பெத்தன் மகன் மதுரையில தங்கிட்டு வந்து, அம்ம போட்டு மேலெல்லாம் கொப்புளமா எப்படிக் கெடந்தான்! எம்புள்ளைய அனுப்பமாட்டேன்."

"போவான். வருவான்" என்று சொல்லிவிட்டு அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கணக்கு எங்கே பிசகியது என்று மாயக்கண்ணனுக்குப் புரிந்தது. செமினாரிலிருந்து தப்ப ஓடிவந்தவனுக்கு இப்போது செமினாரும் இருந்தது, கடைசிப் பஸ்ஸும் இருந்தது, அம்மனும் இருந்தாள். ஒன்றுக்கு மூன்றாகிவிட்டது.

வியாழக்கிழமை இருட்டோடு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தான். திருப்பத்தூரில் மாறி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி எல்லாம் ஜன்னலில் கடந்து போக, அவன் மடியில் வைத்திருந்த தாளைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். கயிறு அறுந்து லிஃப்ட் கீழே விழுந்தால் உள்ளே நிற்பவரின் எடை என்ன ஆகும் என்பதுதான் அவன் பேச வேண்டிய பாதி. மேலே போவதும் கீழே வருவதும் சிவத்தின் பாதி. அறுந்து விழுவதை ஏன் தன் தலையில் கட்டினார்கள் என்று அவனுக்கு முதலிலிருந்தே வருத்தம்.

சிவம் துறை வாசலிலேயே நின்றிருந்தான். இவனைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தான். அவன் உள்ளங்கை நனைந்திருந்தது.

"வந்துட்டியா, தேங்க்ஸ்டா. நேத்து ஃபுல்லா தூங்கல நான்."

இவன் கிண்டல் செய்கிறான் என்றே மாயக்கண்ணன் நினைத்தான்.

செமினார் எடுப்பவர் தேனம்மை மேடம். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அதற்கே கடைசி பெஞ்சு அடங்கிவிடும். அன்றைக்கு மேடம் ஏதோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். முதல் ஜோடி பேச வந்தபோது புரொஜெக்டர் எரியவில்லை. அதைத் தட்டி, வயரைப் பிடுங்கி மாட்டி, வேறு அறையிலிருந்து வேறொன்றைத் தூக்கிவந்தார்கள். இரண்டாவதாக வந்த கிருத்திகாவும் அவள் ஜோடியும் நன்றாகத்தான் பேசினார்கள், ஆனால் நிறுத்த மாட்டேன் என்றார்கள். மாயக்கண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து மணிக்காவது காரைக்குடியில் பஸ் ஏறினால்தான் திருப்பத்தூரில் ஆறரை வண்டி. நான்கரை ஆகிவிட்டது. அவன் கண்ணுக்குள் அம்ம போட்டுக் கிடந்த பெத்தன் மகனின் முகம் வந்தது. உடம்பெல்லாம் இப்போதே அரிப்பது போலிருந்தது.

"நெக்ஸ்ட்" என்றார் மேடம்.

இரண்டு பேரும் போய் நின்றார்கள். சிவம் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் மத்தியான வணக்கம் என்று அழகான இங்கிலீஷில் சொன்னான். தலைப்பைச் சொன்னான். அதோடு நின்றான்.

யோசிக்கிறான் போலும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் யோசிக்கவில்லை. கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தைப் பார்த்தபடி நின்றான். காதோரம் வியர்வை கோடாக இறங்கியது. பின்பெஞ்சில் யாரோ செருமினார்கள். மேடம் கண்ணாடியைச் சரிசெய்தார். மாயக்கண்ணன் அவனைப் பார்த்தான். இந்த முகம் அவனுக்குத் தெரியும். இத்தனை நாளும் இது தன்னிடம் மட்டும்தான் இருப்பதாக நினைத்திருந்தான்.

நண்பனுக்காக மனமிரங்கி மாயக்கண்ணன் முன்னால் வந்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அது இல்லை. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இவன் இப்படியே நின்றுகொண்டிருந்தால் பஸ் போய்விடும். பஸ் போனால் ராத்திரி வெளியே தங்க வேண்டும். ஐம்பது பேர் சிரிப்பதா, அம்மன் கோபிப்பதா என்று தராசில் வைத்தால் ஐம்பது பேர் எந்த மூலைக்கு? சாக்பீஸை எடுத்தான். ஒரு கட்டம் போட்டான், அதற்குள் ஒரு மனுஷனைப் போட்டான், அவன் காலடியில் எடை பார்க்கும் மெஷினைப் போட்டான். பேச ஆரம்பித்தான்.

"மேம், திஸ் லிஃப்ட். மேன் ஸ்டாண்டிங். லிஃப்ட் ஸ்டார்ட் கோயிங் அப், வெயிட் இன்க்ரீஸ். சேம் ஸ்பீடுல போனா, வெயிட் சேம். ஸ்டார்ட் கோயிங் டவுன், வெயிட் டிக்ரீஸ்."

இலக்கணம் கையைக் காலை உடைத்துக்கொண்டு கிடந்தது. பாதியில் தமிழ் வந்து நுழைந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதைக் காதில் வாங்கிக்கொள்ள அவனுக்கு நேரமில்லை. சிவத்தின் பாதியை முடித்தான், தன் பாதிக்குள் பாய்ந்தான். சமன்பாடுகளைப் படபடவென்று எழுதினான். அவை அத்தனையும் சரியாக இருந்தன.

"மெதுவாப்பா" என்றார் மேடம். "கயிறு அறுந்துட்டா மெஷின் என்ன காட்டும்?"

"சைபர் மேம்."

"ஏன்?"

"மெஷினும் கூடவே விழுகுது மேம். போத் ஃபாலிங். நோ பிரஸ்ஸிங்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்காமல், "கரெக்ட். அப்போ அந்த ஆளோட எடை நிஜமாவே போயிடுச்சா?" என்று அடுத்த கேள்வியைத் தொடங்கினார்.

"போகல மேம், அப்படித் தெரியும், அவ்வளவுதான். மேம், பஸ்ஸு போயிரும் மேம்."

"என்ன பஸ்?"

"ஊர்ல காப்புக் கட்டியிருக்கு மேம். ராத்திரிக்குள்ள போகணும். திருப்பத்தூர்ல ஆறரைக்குக் கடைசி வண்டி."

இந்த முறை சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தேனம்மை மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்தான்.

"காப்புக் கட்டியிருக்குன்னா இங்க என்ன நின்னுகிட்டிருக்கே? ஓடு" என்றார்.

ஓடினான். சிவமும் கூடவே ஓடிவந்து, ரோட்டில் இறங்கி நின்று ஒரு ஷேர் ஆட்டோவை மறித்தான். மூச்சு வாங்க, "சாரிடா" என்றான். "எனக்கு எப்பவும் இப்படித்தான். ஸ்கூல்லயும் இப்படித்தான். போன்ல பேசறது வேற, எதிர்ல ஆள் உட்கார்ந்திருந்தா முடியல."

"நேத்து எங்கப்பாகிட்டச் சொன்னியாமே."

"சொன்னேன். நீ நம்பினியா?"

"இல்ல" என்றான் மாயக்கண்ணன். ஆட்டோ கிளம்பிவிட்டது.

பேசும்போது வராத பயம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வந்தது. ஐயோ, நோ பிரஸ்ஸிங் என்றா சொன்னோம்? நாளைக்கு எந்த முகத்தோடு போவது? அதைப் பற்றி ஒழுங்காக வெட்கப்படலாம் என்றால் குன்றக்குடியில் கூட்டம் ஏறி முடியவில்லை. டிரைவர் இறங்கி டீ குடித்தார். மாயக்கண்ணனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஆத்தா, பொய் சொல்லித்தான் வந்தேன், இந்த ஒரு தடவை விட்டுவிடு, என்று மனசுக்குள் ஆயிரம் கும்பிடு போட்டான். திருப்பத்தூரில் அவன் இறங்கியபோது ஊர்ப் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் தொற்றி ஏறியவனைக் கண்டக்டர், "சாகுறதுக்கு வேற வண்டி கெடைக்கலையா?" என்று வைதார். அந்த வசவு அவனுக்கு ஆசீர்வாதம் மாதிரி இருந்தது.

ஊர் எல்லையில் கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்தைப் பஸ் தாண்டியபோது மேற்கே மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. மலையம்மாள் ரோட்டோரத்தில் நின்றாள். எதிர்ப்புறம் அப்பா நின்று, பயிர் இல்லாத வயலைத் தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசுனியா?" என்றார்.

"பேசுனேன்."

"எப்படி?"

"கேவலமா."

"பேசுனேல்ல" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

வெள்ளிக்கிழமையும் போய்வந்தான். வருகைப்பதிவின்போது அவன் 'பிரசென்ட்' சொன்னது வகுப்பு முழுக்கக் கேட்டது என்று சொல்ல முடியாது, மேடத்துக்குக் கேட்டது. வகுப்பில் அவனுக்கு 'நோ பிரஸ்ஸிங்' என்று பேர் விழுந்திருந்தது. இவ்வளவு நாள் எதற்கு நடுங்கினானோ அது நடந்தேவிட்டது. எல்லோரும் அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். மத்தியானம் அவர்களே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார்கள். அவனுக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற தைரியத்தில்தான் அந்தப் பகல்களைக் கடத்தினான். அது அவனுக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை திருவிழா நடந்தது. முளைப்பாரி எடுத்தார்கள், பொங்கல் வைத்தார்கள், வீட்டுக்கு வீடு விருந்தாள். புதன்கிழமை காலையில் பூசாரி காப்பை அவிழ்த்தார். ஊர் முழுக்கக் கடுகு வெடிக்கிற வாசனை கிளம்பியது.

மாயக்கண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். இனி அவனுக்கு ஆறரை மணி வண்டி கிடையாது. இன்று ராத்திரி விடுதிக் கட்டில், நாளை ராத்திரியும் அதே கட்டில், தீபாவளி வரைக்கும் அதே கட்டில். மலையம்மாள் கூடவே வந்து நின்றாள். அப்பா வீட்டிலேயே விடைகொடுத்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு நா இருந்துட்டுப் போயேன்டா" என்றாள் மெதுவாக. "மேலுக்குச் சொகமில்லன்னு சொல்லிக்கிறலாம்ல. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இந்த வார்த்தைக்குத்தான் அவன் கல்லூரி திறந்த நாளிலிருந்து ஏங்கிக் கிடந்தான். போக வேண்டாம் என்று வீட்டில் ஒருத்தர் சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று எத்தனை ராத்திரி நினைத்திருக்கிறான்! இப்போது சொல்லியாகிவிட்டது. பை கையில் கனத்தது. கீழே வைத்துவிட்டால் முடிந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா? அப்பாகிட்டச் சொல்லிறாத" என்றாள் அம்மா. "அவரு உனக்குப் போன் போட்டு வராத வராதங்குறாரு. நான் கோயில்ல போயி நின்னு, காப்புக் கட்டுறதுக்குள்ள எம்புள்ளைய இங்குட்டுக் கொண்டாந்து சேத்துரு ஆத்தான்னு வேண்டிக்கிட்டேன். எட்டு நாளைக்காச்சும் கண்ணுல பாக்கலாம்ல. நீ போனதுல இருந்து வீட்டுல இருக்க முடியலடா. பஸ் சத்தம் கேட்டா ஓடியாந்து ரோட்டப் பாக்குறேன். ராத்திரி படுத்தா, புள்ள சாப்பிட்டானோ, யாரும் ஏசுனாகளோன்னு என்னென்னமோ ஓடுது. ஒரு பொட்டுத் தூக்கமில்ல."

சொல்லும்போது அவள் சேலை முந்தானையின் நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். அவனை நேராகப் பார்க்கவில்லை. இந்தப் பயம் தன்னோடு பிறந்தது என்று மாயக்கண்ணன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அது அவனுக்கு முன்னாலிருந்தே அந்த வீட்டில் சோறாக்கிக்கொண்டும் தோரணம் கட்டிக்கொண்டும் இருந்திருக்கிறது. அவனுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. நீ வேண்டிக்கொண்டதால் வரவில்லை, செமினாருக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தான். தானாக வந்தானா, இழுத்துவரப்பட்டானா என்று இப்போது அவனுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

தூரத்தில் பஸ் வளைவில் திரும்பியது. அம்மா அவன் பையின் மேல் ஒரு கையை வைத்தாள். பிடிக்கவில்லை, சும்மா வைத்தாள். அவன் அந்தக் கையை எடுத்துத் தன் கையில் ஒரு நிமிஷம் வைத்திருந்தான். பிறகு விட்டுவிட்டுப் படியேறினான். கண்டக்டர் விசில் ஊதினார்.

"அம்மா" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "இனிமே அப்படி வேண்டிக்காத."

"ஏன்டா?"

"கேட்டா ஆத்தா குடுத்துருவாம்மா."